துணி டயப்பர் கசிந்தால், நாறினால், புண்ணானால்: சிகிச்சையில் இருக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு

துணி டயப்பர் பற்றிய குறிப்புகளில் முக்கால்வாசி, உருண்டு புரண்டு விளையாடி இரண்டு மூன்று வயதுக்குள் டாய்லெட் பழகிவிடும் குழந்தைக்காக எழுதப்பட்டவை. அதை அப்படியே எடுத்து, 5 வயதில் 15 கிலோ எடையில் பெல்ட் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் போட்டால் பாதி ஒத்துவராது. என் பையன் அப்படித்தான். மூளை முடக்குவாதம், வலிப்புக்கு மருந்து, ராத்திரி முழுக்க வயிற்றுக் குழாய் வழியாக மெதுவாக இறங்கும் பால். நாங்கள் இருப்பது தாம்பரம் பக்கம், குழாயைத் திறந்தால் போர் தண்ணீர். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கீழே சொல்லியிருப்பதில் பல இந்த விஷயங்களில் ஏதாவது ஒன்றிலிருந்து வந்தவை. உங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் வருகிறது என்றால் நாற்றம் பற்றிய பகுதியில் பாதியைத் தாண்டிப் போய்விடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் சிக்கல் வந்தாலும் முதல் கேள்வி எந்த பிராண்ட் வாங்கலாம் என்பது இல்லை, இது துணியின் கோளாறா உடம்பின் கோளாறா என்பதுதான். யூஸ் அண்ட் த்ரோ டயப்பருக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் பொடி சிறுநீரை உறிஞ்சி ஜெல்லாக்கிவிடும், மேல்பக்கம் காய்ந்ததுபோலவே இருக்கும், நிறம் சரியாகத் தெரியாது, வாசனை அமுங்கிவிடும். துணி எதையும் மறைக்காது. அதனால் மாறிய புதிதில் "துணி போட்டதும் வந்துவிட்டது" என்று தோன்றுகிற சில விஷயங்கள் முன்னாடியே இருந்தவையாக இருக்கலாம். துவைக்கும் முறையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கையில் உள்ளே ஒரு யூரின் இன்ஃபெக்‌ஷன் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, அதுதான் என் கவலை.

காலையில் முதுகு வரை நனைந்திருக்கிறது

கழற்றியதும் பக்கெட்டில் போட்டுவிடாதீர்கள். விரித்து, எங்கே ஈரம், எங்கே காய்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

துணி முழுக்க, ஒரு மூலை பாக்கியில்லாமல் ஊறியிருந்தால் கொள்ளளவு போதவில்லை. குழாய் வழியாக ராத்திரியில் அரை லிட்டர் இறங்கும் பிள்ளைக்குச் சாதாரண பாக்கெட் டயப்பரோடு (உள்ளே துணி செருகும் பை வைத்தது) வரும் ஒற்றை இன்செர்ட் (அந்தச் செருகு துணி) எந்த மூலைக்கு? இதய நோய்க்கோ சிறுநீரகத்துக்கோ ஃப்ரூசெமைட் மாதிரி நீர் பிரிய வைக்கும் மருந்து சாயங்காலம் கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்து நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம், நாமாகத் தள்ளக் கூடாது.

அடுக்கும் வரிசை முக்கியம். உடம்புப் பக்கம் சீக்கிரம் உறிஞ்சும் துணி, அதற்குக் கீழே மெதுவாக உறிஞ்சினாலும் நிறையப் பிடித்து வைக்கும் துணி. ஹெம்ப் (சணல் மாதிரி ஒரு செடியின் நாரில் நெய்தது) இந்த இரண்டாவது வகை. பருத்தி நடுவில் எங்கே வைத்தாலும் வேலை செய்யும். பழைய வேட்டியை எட்டாக மடித்து வைத்தால் கடையில் வாங்கும் பல இன்செர்ட்டுகளை விட நன்றாகவே தாங்கும், சீக்கிரம் காயவும் செய்யும். இதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம்: சிங்க் மேல் ஒரு தட்டில் இன்செர்ட்டை வைத்து, மருந்து அளக்கும் சிரிஞ்சில் தண்ணீரை மெதுவாக விட்டுக்கொண்டே போங்கள், தட்டில் ஈரம் தெரியும் வரை. அப்புறம் உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். அழுத்தின பிறகும் உள்ளேயே நிற்பதுதான் நமக்கு வேண்டிய கணக்கு.

புது ஹெம்ப்பும் வெளுக்காத பருத்தியும் முதலில் தண்ணீரையே குடிக்காது. நாரில் இருக்கும் இயற்கையான எண்ணெய் போக வேண்டும். வெந்நீரில் சோப்புப் பவுடர் போட்டுத் துவைத்து முழுசாகக் காயவைப்பதை ஐந்தாறு முறை செய்த பிறகுதான் அதன் உண்மையான கொள்ளளவு தெரியும். அதற்கு முன் "இது சரியில்லை" என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

துணியில் பாதி காய்ந்தே இருக்கிறது, ஆனால் படுக்கை நனைந்துவிட்டது என்றால் அளவு போதாமல் இல்லை, சிறுநீர் போகிற இடத்தில் துணி இல்லை. தானாகப் புரள முடியாத பிள்ளையை நாம் எந்தப் பக்கம் படுக்க வைக்கிறோமோ அந்தப் பக்கத்துத் தொடை ஓரமாகத்தான் ஓடும். ஒருக்களித்துப் படுக்க வைப்பதாக இருந்தால் கூடுதல் துணியை நடுவில் வைக்காமல் இடுப்பின் அந்தப் பக்கமாக ஒதுக்கி வையுங்கள். பையனாக இருந்தால் மூடுவதற்கு முன் உறுப்பு கீழ்நோக்கி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வயிற்றுக் குழாய் இருக்கிற பிள்ளைக்கு டயப்பர் மேலே ஏறி குழாய் வாயைத் தொடக் கூடாது என்பதால் முன்பக்கத்தைத் தாழ்த்திப் போடுவோம், அந்த இடைவெளியிலும் கசியும். அங்கே முன்விளிம்பை உள்ளே மடித்துப் போடுவதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது.

சட்டை ஓரம் மட்டும் ஈரம் என்றால் ஒன்றுமில்லை, உள்துணியின் நுனி கவருக்கு (மேலே போடும் ஈரம் புகாத உறை) வெளியே எட்டிப்பார்க்கிறது. விரலால் சுற்றி உள்ளே தள்ளிவிட்டால் போதும்.

படுத்திருக்கும்போது சரி, நாற்காலியில் உட்கார வைத்ததும் தொடை நனைகிறது

உள்ளே இருப்பது மைக்ரோஃபைபர் (மெல்லிய செயற்கை இழைத் துணி) என்று பந்தயம் கட்டுவேன். சீக்கிரம் உறிஞ்சும், அமுக்கினால் அதே வேகத்தில் கக்கிவிடும். ஓடி விளையாடும் குழந்தைக்கு இது பெரிதாகத் தெரியாது. இடுப்புப் பெல்ட், தொடை நடுவில் கட்டை, சாய்ந்த இருக்கை என்று மணிக்கணக்காக உட்காரும் பிள்ளைக்கு மைக்ரோஃபைபர் வேண்டவே வேண்டாம். பருத்திக்கு மாற்றுங்கள். மைக்ரோஃபைபரைத் தோலோடு நேராக வைக்கவும் கூடாது, ஈரப்பசையை இழுத்துத் தோலை வறட்டிவிடும்.

பின்பக்கம் மொத்தையாக இருந்தால் இடுப்பு முன்னால் சரிந்து பிள்ளை நாற்காலியில் வழுக்கிக்கொண்டே வரும். பிசியோ அளந்து போட்ட பெல்ட் அப்போது வயிற்றில் ஏறும். பகலில் துணியின் கனத்தை முன்பக்கமும் நடுவிலும் வைத்து, பின்னால் ஒற்றை மடிப்போடு நிறுத்துங்கள். அடுத்த முறை பிசியோவிடம் போகும்போது துணி டயப்பர் போட்டே கூட்டிப்போய் நாற்காலியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வலிப்பு வந்து முடிந்ததும் மொத்தமாக வெள்ளம் போலப் போய்விடுவது தனி. அதை எந்தத் துணியும் நிறுத்தாது. நாற்காலியில் ஒரு டர்க்கி டவல் விரித்து வைப்பதோடு விட்டுவிடுங்கள்.

மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம்

இங்கேதான் துணியா உடம்பா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். துவைத்துக் காய்ந்த இன்செர்ட் ஒன்றை எடுத்து வெந்நீரில் நனைத்து முகர்ந்து பாருங்கள். அதிலேயே காரமான வாசனை வந்தால் துணிக்குள் பழையது தங்கியிருக்கிறது. அது ஒன்றும் வராமல், இப்போதுதான் போன சிறுநீரே அழுகின மாதிரியோ மீன் மாதிரியோ நாறுகிறது, கலங்கலாக இருக்கிறது, காய்ச்சலோ வழக்கத்துக்கு மாறான எரிச்சலோ அழுகையோ சேர்ந்திருக்கிறது என்றால் சலவையை விட்டுவிட்டு யூரின் டெஸ்ட்டுக்குப் போங்கள். சில கிருமிகள் சிறுநீர்ப்பைக்குள்ளேயே யூரியாவை அமோனியாவாக உடைத்துவிடும். கதீட்டர் போட்டு சிறுநீர் எடுக்கும் பிள்ளைகளில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். வலிப்புகள் திடீரென்று கூடினாலும் இதை ஒரு காரணமாக நினைத்துப் பாருங்கள், காய்ச்சலோடு வரும் எந்தத் தொற்றும் வலிப்பைத் தூண்டலாம். டெஸ்ட்டுக்கு டயப்பரைப் பிழிந்து கொடுக்க முடியாது, சுத்தமாகப் பிடித்த மாதிரியோ கதீட்டரில் எடுத்ததோதான் வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: சிறுநீர் அடர்த்தியாக, கரும்மஞ்சளாக இருப்பதால் வரும் நாற்றம். வெயில் காலத்தில், வாயால் சரியாகக் குடிக்க முடியாத பிள்ளைக்குத் தண்ணீர் போதவில்லை என்பதன் அடையாளம் அது. குழாயில் எவ்வளவு தண்ணீர் கூட்டலாம் என்பதை டயட்டீஷியன் சொல்ல வேண்டும், குறிப்பாக இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு.

சரி, துணிதான் என்று தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம் முதல் குற்றவாளி உப்புத் தண்ணீர், இரண்டாவது சோப்புக் கட்டி. இரண்டும் சேர்ந்தால் போச்சு. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து துணி நாரில் படிந்துவிடும். நுரை வராது, காய்ந்ததும் துணி அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும், தண்ணீரை உறிஞ்சாது, படிவுக்கு அடியில் சிறுநீர் தங்கி நாறும். கட்டி சோப்பை விட்டுவிட்டு டிடர்ஜென்ட் பவுடருக்கு மாறுங்கள், அதோடு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. சமையல் சோடா வேறு, இது வேறு. "குழந்தைத் துணி, பவுடர் கொஞ்சமாப் போடு" என்பார்கள். உப்புத் தண்ணீரில் குறைத்துப் போட்டால் அழுக்கே போகாது. போட வேண்டிய அளவு போட்டு நன்றாக அலசுவதுதான் சரி.

துவைக்கும் வரிசை இப்படி: மலத்தை டாய்லெட்டில் தட்டிவிட்டு, மூடாத பக்கெட்டில் தண்ணீர் ஊற்றாமல் சேர்த்து வைப்பது. ஊறவைத்தே நாள் கணக்கில் விட்டால் நாற்றம் கூடும். முதலில் ஒரு சின்னச் சலவை, அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிடுவது. பிறகு முழு அளவு பவுடரோடு 60 டிகிரியில் நீளமான சலவை. முன்பக்கம் கதவுள்ள மெஷின் துணி கொஞ்சமாக இருந்தால் தண்ணீரையும் கொஞ்சமாகவே எடுத்துக்கொள்ளும், ஒன்றோடொன்று உரசவும் செய்யாது. டிரம் முக்கால்வாசி நிறைகிற மாதிரி வீட்டுச் சின்னத் துணிகளையும் இரண்டாவது சலவையில் சேர்த்துப் போடுங்கள். ரப்பர் மாதிரி பூச்சு உள்ள கவர்களுக்கு தினமும் 60 டிகிரி வேண்டாம், 40 போதும்.

எங்கள் அத்தை ஆரம்பத்திலிருந்தே ஒரே பாட்டு: "கடைசித் தண்ணில டெட்டால் ரெண்டு மூடி ஊத்தும்மா, கிருமி போயிடும்." கிருமி போவது இருக்கட்டும், நாள் முழுக்க ஈரத்தோடு ஒட்டியிருக்கும் தோலில் அது எரியும். வாசனைக்குப் போடும் ஃபேப்ரிக் கண்டிஷனரும் வேண்டாம், நாரின் மேல் வழவழப்பாகப் படிந்து உறிஞ்சுவதைக் கெடுக்கும். அத்தைக்கு இன்றுவரை இதில் உடன்பாடு இல்லை.

ப்ளீச் எப்போதாவது தேவைப்படும். துவைத்து அலசின துணிக்கு மட்டும், பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குக் கலக்கி, கவர்களைத் தவிர்த்து. சிறுநீர் ஊறின துணியில் நேராக ப்ளீச் ஊற்றினால் குளோரமைன் என்ற நச்சுவாயு வரும். பாத்ரூம் கழுவும் ஆசிடோ வினிகரோ அதோடு சேர்ந்தால் குளோரின். குழாய் வழியாகச் சாப்பிடுகிற, மூச்சுச் சிரமம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த விளையாட்டே கூடாது.

தோல் சிவந்திருக்கிறது

எங்கே, எந்த வடிவத்தில் என்பதைப் பார்த்துத்தான் அடுத்த அடி.

பிட்ட மேட்டிலும் தொடை உள்பக்கமும் சிவப்பு, மடிப்புக்குள் தோல் நன்றாகவே இருக்கிறது என்றால் ஈரமும் உரசலும்தான். துணியில் ஜெல் கிடையாது, அதனால் யூஸ் அண்ட் த்ரோ மாதிரி நான்கு ஐந்து மணி நேரம் விட முடியாது. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மலம் போனால் உடனே. மேலே ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணி) துண்டு போட்டால் ஈரம் கீழே இறங்கித் தோல் ஓரளவு காய்ந்திருக்கும். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

தொடை இடுக்கின் மடிப்புக்குள்ளேயே ஆழமான சிவப்பு, சுற்றிலும் தனித்தனியாகச் சின்னச் சின்னப் பொட்டுகள் என்றால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம், அதுவும் சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால். டாக்டர் பார்த்துப் பூஞ்சைக்கான களிம்பு எழுதித் தர வேண்டும், சாதாரண ராஷ் கிரீம் கேட்காது. முழுசாக ஆறும் வரை துணிகளை 60 டிகிரியில் துவைத்து வெயிலில் நன்றாகக் காயவையுங்கள், இல்லையென்றால் அதுவரை யூஸ் அண்ட் த்ரோவுக்கே போய்விடுங்கள்.

ஆசனவாயைச் சுற்றி மட்டும் எல்லை கட்டினது போலப் பளிச்சென்ற சிவப்பு, மலம் கழிக்கும்போது வலி என்றால் அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். அதற்கும் டாக்டர்தான்.

எலும்பு துருத்தும் இடத்தில் இருப்பதுதான் நான் ரொம்பப் பயப்படுவது. வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, உட்காரும் எலும்பு. கட்டை விரலால் சில நொடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்துவிட்டுத் திரும்ப நிறம் வந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் அது டயப்பர் ராஷ் இல்லை, படுக்கைப் புண்ணின் தொடக்கம். ஆனால் இந்தச் சோதனையைப் புத்தகங்களில் வெள்ளைத் தோலுக்குச் சொல்லியிருப்பார்கள். நம் பிள்ளைகளின் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பே தெரியாமல் போகலாம், அழுத்தினால் வெளுப்பதும் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கொஞ்சம் ஊதாவாகவோ கூடுதல் கறுப்பாகவோ இருக்கிறதா, மினுமினுக்கிறதா. விரலின் பின்பக்கத்தால் தொட்டால் சூடாக இருக்கிறதா, அல்லது சில்லென்று இருக்கிறதா. அமுக்கினால் அந்த இடம் மட்டும் கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா. இதில் எது இருந்தாலும் அந்தப் பக்கம் பாரம் விழாமல் படுக்க வைத்துவிட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். தேய்த்துவிடவோ எண்ணெய் போட்டு நீவவோ வேண்டாம்.

துணி டயப்பருக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பின்னால் நான்கு மடிப்பு, அதில் ஒரு சுருக்கம், பக்கத்தில் ஒரு டிச் பட்டன், அதன் மேல் மணிக்கணக்கில் அசையாத உடம்பு. பக்கவாட்டில் பட்டன் உள்ள டயப்பரை ஒருக்களித்துப் படுக்கும் பிள்ளைக்குப் போடாதீர்கள், முன்னால் ஒட்டும் வெல்க்ரோ போதும். மடிப்பைக் கையால் நீவி, சுருக்கமில்லாமல் போடுங்கள். ஸ்பைனா பைஃபிடா (பிறவியிலேயே முதுகெலும்பு சரியாக மூடாத நிலை) உள்ள பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவாக இருக்கும், உறுத்தினாலும் அழாது. அழவில்லையே என்பதை வைத்து முடிவு செய்யாமல் ஒவ்வொரு மாற்றலிலும் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதே பிள்ளைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஸ்பைனா பைஃபிடா உள்ளவர்களுக்கும், சின்ன வயதிலேயே பல ஆபரேஷன் ஆனவர்களுக்கும் லேடெக்ஸ் ஒவ்வாமை வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். சில டயப்பர்களின் தொடை எலாஸ்டிக்கில் இயற்கை ரப்பர் இருக்கும். வீட்டில் கட்டிலில் விரிக்கிற பழைய ரப்பர் ஷீட், ரப்பர் ஜட்டி எல்லாமே சந்தேகத்துக்குரியவை. எலாஸ்டிக் பட்ட கோட்டில் மட்டும் தடித்து அரித்தால் உடனே கழற்றிவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். வாங்கும் முன் எலாஸ்டிக் என்ன என்று விற்பவரிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். உதடு வீக்கம், மூச்சிரைப்பு என்றால் கேள்வியே இல்லை, எமர்ஜென்சிதான்.

கிரீம் விஷயம். ஜிங்க் ஆக்சைடும் வாசலைனும் தோலுக்கு நல்லவை, துணிக்கு எதிரி. மெழுகு மாதிரி படிந்துவிடும், அப்புறம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். புதிதாகக் கசிவு தொடங்கினால் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், இறங்காமல் நின்றால் இதுதான். பாத்திரம் கழுவும் லிக்விடைத் தேய்த்து வெந்நீரில் பலமுறை அலசினால் பெரும்பாலும் போய்விடும். கிரீம் போடும் நாட்களில் பழைய காட்டன் புடவையில் கிழித்த துண்டைத் தோலுக்கும் டயப்பருக்கும் நடுவில் போடுவது இதைவிடச் சுலபம். துணி கெட்டுவிடும் என்று கிரீமை நிறுத்துவது மட்டும் வேண்டாம், தோல்தான் முக்கியம்.

மலச்சிக்கல் இருந்த பிள்ளைக்குத் திடீரென்று நாள் முழுக்கத் தண்ணீராகக் கசிகிறது

துணியில் இது நன்றாகத் தெரியும்: பழுப்பு நிறத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு மாற்றலிலும். பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிடுவோம். ஆனால் உள்ளே கெட்டியான மலம் அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஓரமாகத் தண்ணீர் மலம் வழிவதாகவும் இருக்கலாம். மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் மிகச் சகஜம் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு உப்பி, தொட்டால் கட்டி மாதிரி தட்டுப்பட்டால், பால் ஒத்துக்கொள்ளாமல் வந்தால், டாக்டர் பார்த்த பிறகுதான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

துணியில் விநோதமான நிறம்

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கும் பிள்ளைக்கு ஆரஞ்சு சிவப்பு வரும், பயப்பட ஒன்றுமில்லை. யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு நைட்ரோஃபுரான்டாய்ன் கொடுத்தால் கரும்மஞ்சள், பழுப்பு. இரும்புச் சத்து டானிக் என்றால் மலம் கறுப்பு. பீட்ரூட்டைச் சொல்லவே வேண்டாம்.

மருந்தும் இல்லை, பீட்ரூட்டும் இல்லை, ஆனால் துணியில் இளஞ்சிவப்போ பழுப்போ கறை, தொட்டால் மணல் மாதிரி நெருடுகிறது என்றால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். வலிப்புக்கு டோபிரமேட் எடுக்கும் பிள்ளைகளுக்கும் கீட்டோ டயட்டில் (கொழுப்பு அதிகம், மாவுச்சத்து மிகக் குறைவான உணவு) இருப்பவர்களுக்கும் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுதல். ஜெல்லில் இது எளிதில் கண்ணுக்குப் படாது. துணியால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்தப் பார்வைதான், மிச்சமாகும் காசு கூட இரண்டாம்பட்சம்.

டாக்டர் யூரின் அளவு கேட்கிறார், துணியில் எப்படிச் சொல்வது

எடை போட்டுத்தான். கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். நனைந்த எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்தால் வருவது, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்ற கணக்கு. சிக்கல் காய்ந்த எடையில்தான்: ஒவ்வொரு செட்டும் வேறு எடை, மழை நாளில் அதே துணி கொஞ்சம் கூட இருக்கும். எங்கள் வீட்டில் ராத்திரி செட்டுகளின் விளிம்பில் அழியாத மார்க்கரால் எடையை எழுதியிருக்கிறோம், 180, 195 என்று. காலையில் 180 போட்ட துணி 310 காட்டினால் 130 மில்லி. 15 கிலோ பிள்ளைக்கு அது நான்கு மணி நேரத்தில் வந்தது என்றால் கிலோவுக்கு மணிக்கு 2 மில்லிக்குக் கொஞ்சம் மேல். உங்கள் பிள்ளைக்கு எந்த அளவுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்பதை டாக்டரிடமே கேட்டு எழுதி வையுங்கள். கழற்றியதும் எடை போடுங்கள், ஃபேன் அடியில் கிடந்தால் ஆவியாகிவிடும். மலம் கலந்திருந்தால் அந்தத் தடவையை "கலந்தது" என்று குறித்துவிட்டு மேலே போங்கள், பிரித்தெடுக்கப் பார்க்க வேண்டாம்.

காலை விரிக்கவே முடியவில்லை, மாற்றுவதற்குள் உயிர் போகிறது

தொடைகள் கத்தரி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு ஜட்டி மாதிரி காலில் ஏற்றும் வகைகள் வேண்டாம். இரண்டு பக்கமும் முழுசாகத் திறக்கும் கவர், அதில் முன்கூட்டியே அடுக்கி வைத்த துணி. கணுக்காலைப் பிடித்து இழுத்து விரிக்காதீர்கள், இறுக்கம் கூடும். முட்டியை மடித்து வயிற்றுப் பக்கம் கொண்டுபோய், கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தால் தசை தானாகத் தளரும், பிறகு பக்கவாட்டில் உருட்டி அடியில் துணியைச் செருகலாம். முன்னால் சுலபமாக விரிந்த கால் இப்போது ஒரு பக்கம் மட்டும் விரிய மறுக்கிறது, மாற்றும்போது அழுகிறான் என்றால் டயப்பரின் தடிமன் காரணமில்லை, இடுப்பு மூட்டு விலகியிருக்கலாம். எக்ஸ்ரே கேளுங்கள்.

மழைக்காலத்தில் காயவே இல்லை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் தைத்த தடித்த இன்செர்ட் எதுவும் வேலைக்கு ஆகாது. ஒற்றையாக விரித்துக் காயவைக்கும் வேட்டித் துணி, மல் துணி, இவைதான். லேசான ஈரத்தை இஸ்திரி போட்டு எடுக்கலாம், கவருக்கு மட்டும் இஸ்திரி கூடாது. அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து அலமாரியில் வைத்தால் கரும்புள்ளி விழும். காயாத நாளில் யூஸ் அண்ட் த்ரோ போடுவதில் ஒரு வெட்கமும் இல்லை.

துணியை ஒதுக்கி வைக்க வேண்டிய நேரங்கள்

கீமோதெரபி நடக்கும்போது மருந்து சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறும். கடைசி டோஸுக்குப் பிறகு குறைந்தது 48 மணி நேரம், சில மருந்துகளுக்கு அதைவிட அதிகம். அந்த நாட்களில் யூஸ் அண்ட் த்ரோ, கையுறை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் மாற்றவே கூடாது. எத்தனை நாள் என்பதை வார்டு நர்ஸிடம் மருந்துப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மார்பு வரை மாவுக்கட்டு போட்டிருந்தால் துணியின் ஈரம் கட்டுக்குள் இருக்கும் பஞ்சில் ஏறிவிடும், ஏறினால் இறக்க வழி இல்லை. உள்ளே சின்ன யூஸ் அண்ட் த்ரோ, வெளியே பெரியது. குடல் ஆபரேஷன் முடிந்து மலம் தண்ணீராக, தோலை அரிக்கிற மாதிரி போகும் வாரங்களிலும் அதேதான், அப்போது கிரீமைக் கை நிறைய அள்ளிப் பூச வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் துணியைக் கொண்டுபோகாதீர்கள். வார்டில் துவைக்க இடமும் இருக்காது, ஷிப்ட் மாறும் நர்ஸ்களுக்கு உங்கள் காய்ந்த எடைக் கணக்கை ஒவ்வொரு முறையும் விளக்கவும் முடியாது. சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதாக இருந்தால், அங்கே இருக்கும் ஆயாம்மாவுக்கு ஒருமுறை நேரில் மாற்றிக் காட்டிவிட்டு, அடுக்கி மூடின செட்டுகளாகவே கொடுத்தனுப்புங்கள். ஈரத்துணிக்கு ஜிப் வைத்த பை ஒன்று, அதில் பிள்ளையின் பெயர். அவர்கள் முடியாது என்றால் பள்ளி நேரத்துக்கு மட்டும் யூஸ் அண்ட் த்ரோ கட்டி அனுப்பி, வீட்டுக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.